லுங்கி கட்டிய பாதாம் மரங்கள்

எங்கள் போர்வெல் ரிக் வண்டி இமயமலையில் ஏறியபோது எங்களைப் பார்த்துச் சிரித்தவர்களை எண்ணிக்கொண்டே போனேன். பதினேழு பேர். பதினெட்டாவது ஆள் ஒரு சோதனைச் சாவடிப் போலீஸ்காரர். வண்டி நம்பரைப் பார்த்தார். மேலே படுத்திருந்த இரும்புக் கோபுரத்தைப் பார்த்தார். பிறகு எங்கள் மூன்று பேருடைய காலையும் பார்த்தார். மூவரும் ரப்பர் செருப்பு. இந்தியில் ஏதோ சொல்லிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்றா சொல்றாரு?" என்று துரைசாமி அண்ணன் கேட்டார்.

"குளிர்ல காலுவெரலு உதுந்துரும், பொறுக்கறதுக்குக் கூடை கொண்டாந்திருக்கீங்களான்னு கேக்கறாருங்க" என்றான் சுக்ராம்.

துரைசாமி அண்ணன் எங்கள் டிரில்லர், திருச்செங்கோட்டுக்காரர். ஆழ்துளைக் கிணறு போடும்போது மேலே பறந்து வரும் கல்தூளை விரலில் தேய்த்துப் பார்த்து, இன்னும் எத்தனை அடியில் தண்ணீர் என்று சொல்லிவிடுவார். பாதி நேரம் சரியாக இருக்கும். மீதி நேரம் பூமி தப்பு செய்துவிட்டது என்பார். சுக்ராம் ஜார்க்கண்ட்காரன், என் வயது. ஏழு வருஷமாக எங்கள் பக்கம் ரிக் வேலை. அவன் பேசும் தமிழ் என்னுடையதைவிடச் சுத்தமான கொங்குத் தமிழ். தெருநாயைக்கூட "அக்கட்டால போங்க" என்றுதான் விரட்டுவான்.

நான் பரமத்தி வேலூர். பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடம் என்னைக் கைவிட்டது. இரண்டு முறை சமாதானம் பேசப் போனேன், அது இறங்கி வரவில்லை. அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால். வெற்றிலைக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். சொந்த அக்காவுக்குக் கல்யாணம் என்றாலும் கொடிக்காலுக்குத் தண்ணீர் விட்டுவிட்டுத்தான் மண்டபத்துக்குப் போக வேண்டும். நான் அப்படித்தான் போனேன். முகூர்த்தப் போட்டோ எல்லாவற்றிலும் என் வேட்டியில் சேறு இருக்கும். அந்தத் தண்ணீர் வேலைக்குப் பயந்துதான் ரிக்கில் சேர்ந்தேன். ரிக்கிலும் வேலை தண்ணீர் தேடுவதுதான் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

போன இடம் மணாலிக்கும் மேலே, நீளமான சுரங்கப்பாதையைத் தாண்டி, லாஹௌல் பள்ளத்தாக்கில் ஒரு கிராமம். வழியெல்லாம் சப்பாத்தி. எட்டாம் நாள் துரைசாமி அண்ணன் தாபாக்காரரிடம் தமிழிலேயே சொல்லிவிட்டார்: "இன்னொரு சப்பாத்தி கண்ணுல பட்டுச்சுன்னா அதைய வண்டிக்கு ஸ்டெப்னியாக் கட்டிருவேன்." தாபாக்காரர் பாராட்டு என்று நினைத்து இரண்டு கூடுதலாக வைத்தார்.

அதனால் கிராமத்தில் வண்டியை நிறுத்தியதும் முதல் வேலையாகச் சோறு ஆக்கினோம். ஊரிலிருந்து கொண்டுபோன பொன்னி அரிசி. அடுப்பில் ஒரு மணி நேரம் கொதித்தது. எடுத்துப் பார்த்தால் அரிசி, அரிசியாகவே இருந்தது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் அரை மணி நேரம் விட்டோம். வெளியே கூழ், உள்ளே கல்.

"தண்ணியில ஏதோ கோளாறு" என்றார் அண்ணன்.

அப்போது ஒரு பெண் கையில் குக்கரோடு வந்தார். நாற்பது வயது இருக்கும். வெயிலில் வெந்து சிவந்த கன்னம், தலையில் கம்பளிக் குல்லாய், கண்ணில் சிரிப்பு. எங்களை வரவழைத்திருந்த டோல்மா அக்கா அவர்தான். பானையை எட்டிப் பார்த்துவிட்டு சுக்ராமிடம் ஏதோ சொன்னார்.

"இந்த ஒசரத்துல தண்ணி சூடாகறதுக்கு முன்னாலயே கொதிச்சுருமாமுங்க. குக்கர் இல்லாம இங்க கல்யாணமே பண்ண மாட்டாங்களாமுங்க."

அன்று சாப்பிட்ட சோறு மாதிரி நான் அதற்கு முன்னும் சாப்பிட்டதில்லை, பின்னும் இல்லை. குழம்பு அவர் வீட்டு ராஜ்மா. அண்ணன் நான்கு முறை வாங்கிவிட்டு, ஐந்தாவது முறை வெட்கப்பட்டு, ஆறாவது முறை வாங்கினார்.

மறுநாள் காலை அக்கா இடத்தைக் காட்டினார். கீழே பட்டாணி வயல், அதற்கு மேலே கொஞ்சம் ஆப்பிள், அதற்கும் மேலே சரிவில் வரிசையாக நாற்பத்தொரு குச்சிகள். என் தோள் உயரம். ஒவ்வொன்றிலும் மெலிதாகக் கொஞ்சம் இலை. அவற்றின் முன்னால் நின்றபோது மட்டும் அக்கா சிரிக்கவில்லை.

"பாதாம்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதாம் மரத்தை எனக்கா காட்டுவது? எங்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டு நின்றன. இலை ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவு. சிவந்து உதிரும். காயைக் கல்லால் உடைத்தால் உள்ளே விரல் நுனி அளவு பருப்பு.

"இது பாதாம் இல்லீங்கன்னு சொல்லு. யாரோ ஏமாத்திப்போட்டாங்க" என்றேன்.

சுக்ராம் சொன்னான். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். வீட்டுக்குள் போய் ஒரு சின்னப் பையோடு வந்து என் உள்ளங்கையில் நான்கு கொட்டைகளை வைத்தார். கடையில் விற்கும் அதே பாதாம், ஓட்டோடு. எங்கள் பள்ளிக்கூட மரம் பாதாமே இல்லை, பெயரை மட்டும் ஒட்டிக்கொண்ட வேறு ஏதோ மரம் என்று அன்றுதான் தெரிந்தது. பத்து வருஷம் கல்லெடுத்து அடித்திருக்கிறேன்.

அந்தக் கொட்டைகள் வந்த கதையையும் அக்கா சொன்னார். பாதாம் இங்கே நிற்காது, இந்தக் குளிரில் வேரோடு கருகிவிடும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அக்கா இளம் வயதில் வேறு பள்ளத்தாக்கிலிருந்து ஒரு கூடைக் கொட்டை கொண்டுவந்து விதைத்தார். முளைத்ததெல்லாம் இரண்டே குளிர்காலத்தில் போயின. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஒன்று மட்டும் நின்றது. ஏன் நின்றது என்று அதற்கும் தெரியாது. அது வளர்ந்து காய்த்தது. அந்த ஒரே மரத்தின் கொட்டைகளிலிருந்து வந்தவைதான் இந்த நாற்பத்தொன்று. மூன்று குளிர்காலம் வீட்டுச் சுவரோரம் வைக்கோல் போர்த்திக் காப்பாற்றினார். இந்த வருஷம்தான் சரிவில் பிடுங்கி நட்டிருந்தார்.

"இந்தக் குளிரைத் தாண்டுச்சுன்னா மரமாமுங்க. தாண்டலீன்னா வெறகாமுங்க" என்றான் சுக்ராம். "ஊர்ல எல்லாரும் வெறகுன்னுதான் சொல்றாங்களாமுங்க."

பனி குறைந்து, ஓடையும் மெலிந்துவிட்டதாம். பட்டாணிக்கும் முட்டைக்கோசுக்கும் இனித் தண்ணீர் பற்றாது. பாதாம் வேர் பிடித்துவிட்டால் கொஞ்சத் தண்ணீரில் பிழைத்துக்கொள்ளும். அக்காவின் கணவர் ராணுவத்தில், வருஷத்துக்கு இரண்டு மாதம் வருவார். ஆக, அந்த நாற்பத்தொரு குச்சிகள்தான் அக்காவின் நாலு வருஷம்.

எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் கொளுத்திப் போர் போட ஆரம்பித்தோம். கம்ப்ரஸருக்கு அந்த உயரத்தில் மூச்சு வாங்கியது. அண்ணனுக்கும் வாங்கியது. யார் அதிகம் இரைகிறார்கள் என்று பந்தயம் கட்டலாம் போலிருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் முந்நூற்றுப் பத்தடியில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. அண்ணன் சொன்னது நூற்றெண்பது. பூமி மறுபடியும் தப்பு செய்துவிட்டது. அக்கா அந்தப் பனித் தண்ணீரில் முழுசாக நனைந்து நின்றுகொண்டு சிரித்தார். அவர் அம்மாவுக்கு ஒரு கண்ணில் பார்வை கிடையாது. அந்தம்மாவும் வந்து தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கடைசிக் குழாயை உருவும்போது கம்ப்ரஸரின் கப்ளிங் உடைந்தது. அந்தச் சாமான் சங்ககிரியிலிருந்துதான் வர வேண்டும். ஊருக்குப் போன் போட்டோம். வடக்கே கிளம்பும் லாரியில் ஏற்றிவிடுகிறோம் என்றார்கள். மோட்டாரை இறக்கி இணைப்புக் கொடுத்துவிட்டு, மூவரும் வேலையில்லாமல் உட்கார்ந்தோம்.

அக்காவும் அந்த வாரமே அம்மாவின் கண் ஆபரேஷனுக்காகக் கீழே குல்லுவுக்குக் கிளம்பினார். மூட்டை நிறைய உருளைக்கிழங்கும் மாவும் குக்கரும் எங்களிடம் கொடுத்தார். போகும்போது என்னிடம் ஒரே ஒரு வேலை சொன்னார். மரங்கள் பக்கம் மாடு வந்தால் விரட்ட வேண்டும். அவ்வளவுதான். நாலைந்து நாளில் வந்துவிடுவதாகச் சொன்னார்.

இரண்டாம் நாள் கீழே மலை சரிந்து ரோடு மூடிக்கொண்டது. எங்கள் கப்ளிங்கும் அக்காவும் கீழே, நாங்கள் மேலே. இருபத்திரண்டு நாள்.

மாடு ஒன்றும் வரவில்லை. நான் மட்டும் தினமும் மரங்களைப் பார்க்கப் போனேன். செப்டம்பர் வெயில் சுள்ளென்று அடித்தது. மண் வெடித்துக் கிடந்தது. இலையெல்லாம் மஞ்சள் தட்டி ஒவ்வொன்றாக உதிர ஆரம்பித்திருந்தது. எங்கள் ஊரில் இலை பழுத்து உதிர்ந்தால் ஒரே அர்த்தம்தான். பத்தடி தள்ளி நாங்களே தோண்டிய கிணறு, மோட்டார் போட்டால் தண்ணீர். பக்கத்தில் தாகத்தோடு நாற்பத்தொரு பிள்ளைகள். இத்தனை சோறு போட்ட மகராசிக்கு நாம் என்ன செய்தோம்?

வாய்க்கால் வெட்டினேன். எங்கள் கொடிக்காலில் வெட்டுவது போலவே, மரத்துக்கு மரம் பாத்தி கட்டி, மடை வைத்து. தினமும் காலையில் தண்ணீர். மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த ஆட்டுக்காரர்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்து, பட்டி போட்ட இடத்துப் புழுக்கையைக் கூடை கூடையாக வாங்கி ஒவ்வொரு மரத்தடியிலும் போட்டேன். ஓர் ஆட்டுக்காரர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சொன்னதை சுக்ராம் மொழிபெயர்த்தான்: "இந்தப் பையனுக்கு ஊர்ல யாருமே இல்லையான்னு கேக்கறாருங்க."

பன்னிரண்டாம் நாள் இலை உதிர்வது நின்றது. பதினைந்தாம் நாள் குச்சி நுனிகளில் பச்சை. இருபதாம் நாள் ஒவ்வொரு மரத்திலும் விரல் நீளத்துக்குப் புதுத் தளிர், வெற்றிலைக் கொழுந்து மாதிரி பளபளவென்று. வீடியோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். அக்காவுக்கு அனுப்பவில்லை, வந்து நேரில் பார்க்கட்டும் என்று. என்னை ஒரு நாளும் பாராட்டாத மனுஷன் உடனே கூப்பிட்டார்.

"பரவால்லடா சாமி. எங்க போனாலும் கை நம்ம கைதான்."

அன்று முழுவதும் நான் தரையில் நடக்கவில்லை.

இருபத்திரண்டாம் நாள் ரோடு திறந்தது. சாயங்காலம் டோல்மா அக்கா வந்தார். அம்மாவின் கண்ணில் கறுப்புக் கண்ணாடி. நான் ஓடிப்போய், "வாங்கக்கா, வந்து பாருங்க" என்று கையைக் காட்டிக் கூட்டிக்கொண்டு போனேன். சரிவுக்கு வந்ததும் அக்கா நின்றார். முதல் மரத்தின் தளிரை இரண்டு விரலால் தொட்டார். அடுத்ததைத் தொட்டார். வரிசை முடியும்வரை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். கடைசி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு எழுந்து என் மூக்குக்கு நேரே விரலை நீட்டிப் பேசினார். மூன்று நிமிஷம் இருக்கும். அவர் குரலில் அவ்வளவு சத்தம் உண்டு என்று எனக்குத் தெரியாது. மேலே இருந்த வீடுகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன சொல்றாங்க?" என்றேன்.

சுக்ராம் சொன்னான்: "அக்காவுக்கு உங்கமேல கொஞ்சம் வருத்தமாமுங்க."

"மூணு நிமிஷம் பேசுனாங்களேடா?"

"மீதிய நாளைக்குச் சொல்றேனுங்க."

"இப்பவே சொல்றா."

அவன் அக்காவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ரொம்ப மரியாதையாக ஆரம்பித்தான். "ஏனுங்க, உங்களுக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்குதுங்களாமா? இல்லீங்களாமா? மாட்டை வெரட்டச் சொன்னா, மாடே தேவலாம்னு பண்ணிப்போட்டீங்களாமுங்க."

அன்று ராத்திரிச் சோறு எங்களுக்கு வராது என்று நினைத்தேன். வந்தது. அக்காவே கொண்டுவந்து வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து, இந்த முறை மெதுவாகச் சொன்னார். நான் சுக்ராமின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்த மரத்துக்குக் குளிரு பெரிய எதிரி இல்லீங்களாமுங்க. மைனஸ் இருவதுலகூட நிக்குமாமுங்க. ஆனா அதுக்கு முன்னாடி தூங்கோணுமாமுங்க. ஆவணி புரட்டாசியில பசியும் தாகமுமா விட்டாத்தான், சரி, குளிரு வருதுன்னு தெரிஞ்சுக்குமாமுங்க. எலையக் கொட்டிப்போட்டு, பட்டைய இறுக்கிக்கிட்டுப் படுத்துக்குமாமுங்க. நீங்க படுக்கப் போன புள்ளைய எழுப்பி, உக்கார வெச்சு, சோறு ஊட்டியிருக்கீங்களாமுங்க. பனி வர்றப்ப அது பச்சையா முழிச்சிட்டு இருக்குமாமுங்க. தளிருக்குள்ள இருக்கற தண்ணி ஒறைஞ்சு, வெடிச்சு, வேருவரைக்கும் போயிருமாமுங்க."

ஆவணி புரட்டாசியை அவனே சேர்த்துக்கொண்டான். மற்றதெல்லாம் அக்கா சொன்னது. எனக்கு விக்கல் எடுத்தது. அக்கா தண்ணீர்ச் செம்பை என் பக்கம் தள்ளினார். தள்ளும்போது ஏதோ முணுமுணுத்தார்.

"இதையாவது சரியான எடத்துல ஊத்துங்கங்கறாங்க" என்றான் சுக்ராம்.

மறுநாளிலிருந்து நான்கு நாள் நான் செய்த வேலையை எல்லாம் நானே அழித்தேன். வெட்டிய வாய்க்காலை மூடினேன். புழுக்கையைச் சுரண்டி எடுத்து, மேல்மண்ணையும் வழித்துக் கூடையில் அள்ளிக் கீழே பட்டாணி வயலில் கொட்டினேன். ஆட்டுக்காரர் மறுபடி அந்த வழியாக வந்து, போட்டதையே அள்ளிக்கொண்டிருக்கும் என்னைப் பார்த்தார். அவர் பையிலிருந்து ஒரு துண்டு பாலாடைக்கட்டி எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு மூளை சரியில்லை என்று முடிவு செய்துவிட்டார் போல.

அடுத்தது போர்த்த வேண்டும். தண்டுகளைச் சுற்றிக் கட்டினால் கொஞ்சமாவது தாங்கும் என்றார் அக்கா. அவரிடம் இருந்த சாக்கு ஒன்பது மரத்துக்குத்தான் வந்தது. வைக்கோல் மாட்டுக்கு. அப்போதுதான் துரைசாமி அண்ணன் இருமினார்.

"வண்டியில ஒரு மூட்டை கெடக்குது" என்றார்.

அண்ணனின் மச்சினருக்குக் குமாரபாளையத்தில் விசைத்தறி. வழியில் தாபாக்காரர்களிடம் விற்கலாம் என்று அண்ணன் ஒரு மூட்டை லுங்கியும் துண்டும் போட்டு வந்திருந்தார். தாபாக்காரர்கள் யாரும் வாங்கவில்லை. சப்பாத்தி விஷயத்தில் அவர் பேசிய பேச்சுக்கு யார் வாங்குவார்கள்? மூட்டையைப் பிரித்தார். ஒவ்வொரு லுங்கியாக எடுத்து, தடவி, கொஞ்சம் வருத்தத்தோடு என்னிடம் கொடுத்தார்.

"நீலக் கட்டம் போட்டதை மட்டும் விட்டுரு கண்ணு. அது எனக்கு" என்றார். முப்பத்தொன்று முடிந்து ஒரு மரம் பாக்கி நின்றது. பெருமூச்சு விட்டு அதையும் கொடுத்தார்.

கிழித்து, சுற்றி, சணல் கயிறு போட்டுக் கட்டினோம். சிவப்புக் கட்டம், பச்சைக் கோடு, ஊதாக் கரை. நாற்பத்தொன்றில் ஒன்பது சாக்கில், மீதி எல்லாம் லுங்கியில். தூரத்திலிருந்து பார்த்தால் சங்ககிரி லாரிப் பட்டறை முன்னால் காலையில் டீ குடிக்க நிற்கும் டிரைவர்கள் மாதிரியே இருந்தது. அக்காவின் அம்மா கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். புதிதாகக் கிடைத்த பார்வையில் அவர் முதலில் நன்றாகப் பார்த்தது அதைத்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்ததில் அக்காவுக்கும் வாய் கொஞ்சம் திறந்தது. அந்த நாலு நாளில் முதல் முறை.

கப்ளிங் வந்தது. மாட்டினோம். கிளம்பும் அன்று அக்கா கறுப்பு மாவில் தோசை மாதிரி ஒன்று சுட்டு, வெண்ணெய் தடவி, வழிக்குக் கட்டிக் கொடுத்தார். நான் தலையைக் குனிந்துகொண்டே வாங்கினேன். என்னால் நாலு வருஷம் போகப்போகிறது. அந்தக் கையே எனக்குத் தோசை கட்டுகிறது. இன்னொரு தடவை திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

ஊருக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். கொடிக்காலில் ஏணிமேல் நின்று கொடியைக் கட்டிக்கொண்டிருந்தவர் கீழே இறங்கினார்.

"நம்ம வம்சத்துல தண்ணி ஊத்தாமக் கொன்னவன்கூடக் கெடையாது. ஊத்தியே கொன்னவன் நீ ஒருத்தன்தான்டா" என்றார். அப்புறம் கையிலிருந்த நாரைத் தரையில் போட்டார். "நானும் பரவால்லன்னு சொல்லிப்போட்டேனே."

மார்கழியில் வேலூர் ஆட்கள் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு, காவிரிப் பக்கமிருந்து வரும் காற்றுக்கு "உசுரு போகுது" என்பார்கள். அந்த வருஷம் யாராவது அப்படிச் சொன்னால் எனக்குக் கோபம் வந்தது. தை மாதம் அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. எல்லாம் வெள்ளை. நடுவில் வரிசையாக வண்ண வண்ணத் துணி முனைகள். கூட ஒரு சொல்லும் இல்லை. மரம் இருக்கிறதா, விறகா என்று கேட்டேன். வெயில் வந்தால்தான் தெரியும் என்று பதில் போட்டார். அப்புறம் மாதக் கணக்கில் பேச்சே இல்லை.

மே மாதம் எங்கள் ரிக்குக்குக் குல்லுப் பக்கம் வேலை கிடைத்தது. நான் கிளம்பும்போது அப்பா ஒரு கட்டு வெற்றிலை பறித்து, வாழைமட்டையில் சுருட்டி, ஈரச் சாக்கில் கட்டிக் கொடுத்தார். "வெறுங்கையோட போய் மன்னிப்புக் கேக்காத. வெத்தல பாக்கு வெச்சுக் கேளு. எனக்கும் சேத்துக் கேளு." பத்து நாளும் நான் சாக்குக்குத் தண்ணீர் தெளித்தேன். அண்ணன் ஒவ்வொரு முறையும், "போதும்டா, அதையும் கொன்றாத" என்றார்.

அண்ணனிடம் இரண்டு நாள் லீவு கேட்டுக்கொண்டு, சுக்ராமோடு பஸ்ஸில் மேலே போனேன். சுரங்கத்தைத் தாண்டியதும் வெயில் கண்ணைக் குத்தியது. பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது என் கால் பின்னால் பின்னால் போனது. சுக்ராம் தள்ளிக்கொண்டு வந்தான். "முன்னால போங்க, நானா ஊத்துனேன்?"

அக்கா சரிவில் நின்றிருந்தார். நான் வெற்றிலைக் கட்டைப் பிரித்தேன். மேலே இருந்தவை அழுகிக் கறுத்திருந்தன. நடுவில் பத்துப் பதினைந்து மட்டும் பச்சை. இரண்டு கையாலும் நீட்டி, அப்பா சொன்னதைச் சொன்னேன். சுக்ராம் இந்த முறை ஒரு வார்த்தையும் சேர்க்காமல், குறைக்காமல் சொன்னான். அக்கா ஒன்றை எடுத்து வாயில் போட்டார். முகம் எட்டுக் கோணலாகப் போனது. துப்பவில்லை. மென்று முழுங்கிவிட்டு, வா என்று தலையாட்டினார்.

பன்னிரண்டு போய்விட்டன. கீறிப் பார்த்தால் உள்ளே பழுப்பு, வேர்வரைக்கும். நீலக் கட்டம் கட்டிய மரமும் அதில் ஒன்று. மற்ற இருபத்தொன்பதில் நான் வளர்த்த தளிர் நுனிகள் எல்லாம் கருகிக் கிடந்தன. ஆனால் அதற்குக் கீழே, பழைய கட்டையிலிருந்து, சின்னச் சின்னதாக இலை. லுங்கிகள் வெளுத்துக் கிழிந்து காற்றில் ஆடின.

அக்கா நிறைய நேரம் பேசினார். விரலை நீட்டவில்லை.

"இந்த இருவத்தொம்பதும் நீங்க எழுப்பியும் மறுபடி தூங்கத் தெரிஞ்ச மரமுங்களாம். இனிமே இதுங்க கொட்டையத்தான் வெதைப்பாங்களாமுங்க. கீழ் ஊட்டுக்காரங்க ரெண்டு பேரு இப்பவே கேட்டு வெச்சுட்டாங்களாமுங்க" என்றான் சுக்ராம்.

எனக்கு உயிர் வந்தது. "அப்ப நான் செஞ்சது நல்லதுதான்னு சொல்றாங்களா?"

சுக்ராம் கேட்டான். அக்கா ஒரே வார்த்தையில் பதில் சொன்னார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பிறகு என் கையில் கடப்பாரையைக் கொடுத்தார்.

அந்த மண்ணில் பன்னிரண்டு செத்த மரத்தைத் தோண்டி எடுப்பது முந்நூறு அடி போர் போடுவதைவிடக் கஷ்டம். ரிக்காவது சத்தம் போட்டு அழும், எனக்கு அதுவும் முடியவில்லை. ஒவ்வொன்றையும் பிடுங்கி வைக்கும்போது அக்கா அதன் லுங்கியை அவிழ்த்து மடித்து வைத்தார். நீலக் கட்டத்தை மட்டும் தனியாகத் தட்டி மடித்து, அண்ணனிடம் கொடுக்கச் சொன்னார். மறுநாள் வீட்டுச் சுவரோரத்திலிருந்து பன்னிரண்டு கன்று கொண்டுவந்தார், ஒரு சாண் உயரம், அதே தாய்மரத்தின் பிள்ளைகள். குழியில் வைத்தேன். மண்ணை நிரப்பினேன். மிதித்தேன். அப்புறம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். மோட்டார் இருந்த பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அக்கா வீட்டுக்குள் போய் ஒரு வாளியோடு வந்தார். நிறையத் தண்ணீர். என் முன்னால் வைத்தார். சுக்ராமைப் பார்த்து உதட்டுக்குள் ஏதோ ஒத்திகை பார்த்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, தமிழில் சொன்னார்:

"இப்ப ஊத்துங்க."

நான் சுக்ராமைப் பார்த்தேன். அவன் வானத்தைப் பார்த்தான். வாளியைத் தூக்கினேன். முதல் குழிக்கான தண்ணீரில் பாதியை என் காலில் ஊற்றிக்கொண்டேன். அக்கா குனிந்து மண் நனைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு இன்னொரு தமிழ்ச் சொல்லும் தெரிந்திருந்தது.

"போதுமுங்க" என்றார்.

ஒவ்வொரு குழியிலும் சொன்னார். பன்னிரண்டு தடவை. பன்னிரண்டு தடவையும் நான் நிறுத்தினேன்.